குழாயில் எழும் சத்தம் குப்பத்துக்கும் கேட்கட்டும்

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறித் தூக்கம் கலைந்தார்கள். கப்பலிலிருந்து கோரமண்டல் உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. 50 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அம்மாதத் தொடக்கத்தில் அடித்த மிக்ஜாம் புயலில் குழாயைச் சுற்றிப் போட்டிருந்த கருங்கற்கள் புரண்டு அதைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று விசாரித்த குழு கருதியது. அது சரியென்றால், கல் புரண்டதற்கும் நெடி ஏறியதற்கும் இடையே ஏறக்குறைய மூன்று வாரம் கிடைத்திருக்கிறது. அந்த மூன்று வாரத்தில் குழாயின் நிலையைக் குப்பத்துக்குச் சொல்ல எதுவுமே இல்லை.

மண்ணுக்குள் கிடக்கும் ஃபைபர் கேபிளால் இதைச் சொல்ல முடியும். அதன் ஒரு முனையில் லேசர் துடிப்புகளை அனுப்பினால், கண்ணாடி இழை நெடுக உள்ள நுண்ணிய சீரின்மைகளில் பட்டு ஒளியின் சிறு பங்கு திரும்பி வரும். பக்கத்தில் கடப்பாரை இறங்கினாலும் கல் உருண்டாலும் இழை மிக நுட்பமாக நீண்டு சுருங்கும். திரும்பும் ஒளியும் மாறும். ஒளி திரும்ப எடுத்த நேரத்தைக் கணக்கிட்டால் இடம் சில மீட்டருக்குள் தெரிந்துவிடும். பல கிலோமீட்டருக்கு ஒரே கருவி போதும். இணையத்துக்காகப் புதைத்து, பயன்படுத்தாமல் விட்ட இழையே பல இடங்களில் உதவும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2016 முதல் தன் வளாகத்துக் கேபிளில் நிலநடுக்கங்களைப் பதிவு செய்தது. நம் நாட்டிலும் இது புதிதல்ல: வடகிழக்கு எல்லை ரயில்வேயின் ‘கஜ்ராஜ்’ அமைப்பு, தண்டவாளத்தை நெருங்கும் யானையின் காலடியை இப்படித்தான் அறிகிறது. எண்ணெய்க் குழாயைத் துளையிட்டுத் திருடுவோரைக் கண்டுபிடிக்க இந்தியன் ஆயிலும் இதைப் பயன்படுத்துகிறது.

இரவும் பகலும் கன்டெய்னர் லாரிகள் ஓடும் எண்ணூர் விரைவுச் சாலையில் இது எடுபடுமா என்று கேட்கலாம். எடுபடும். லாரியின் அதிர்வு கேபிள் நெடுக நகர்ந்து போகும். தோண்டுகிறவரின் அதிர்வு ஒரே இடத்தில் நிற்கும். அந்த லாரிகளின் அதிர்வையே கொண்டு சாலைக்கு அடியில் மண் எங்கே இளகியிருக்கிறது என்றும் ஆராயலாம். ஆனால் கேபிளுக்கு மூக்கு இல்லை. 2013இல் தண்டையார்பேட்டையில் பாரத் பெட்ரோலியம் குழாயிலிருந்து கசிந்த எண்ணெய் ஆழ்துளைக் கிணறுகளில் வந்தது. சத்தமே இல்லாமல் ஊறும் அத்தகைய கசிவு இதற்குத் தப்பிவிடக்கூடும். அமோனியாவை முகரும் கருவிகளும் கிணற்று நீர்ப் பரிசோதனையும் கூடவே வேண்டும்.

இன்னும் கனமான ஆட்சேபம் கண்காணிப்பு பற்றியது. கேபிள் முகத்தைப் பார்க்காது. ஆனால் எந்தத் தெருவில் எந்நேரம் ஆட்கள் நடந்தார்கள், கூடினார்கள் என்பதைக் காட்டிவிடும். கசிவுக்குப் பிறகு ஆலையை மூடச் சொல்லித் திரண்டு போராடிய மீனவக் குடும்பங்களுக்கு இந்த அச்சம் நியாயமானது. ஆகவே குழாயை ஒட்டிய பட்டையோடு பதிவு நிற்க வேண்டும். காலடித் தடங்கள் உடனுக்குடன் அழிக்கப்பட வேண்டும். அதைவிட முக்கியம், எச்சரிக்கை யாருக்குப் போகிறது என்பது. குழாய்களுக்கான இத்தகைய ஏற்பாடுகள் சொத்தைக் காக்கவே அமைக்கப்படுகின்றன. மணி நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் அடிக்கிறது. குழாய்க்கு இசைவாணை தரும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதில் ஒரு நிபந்தனையைச் சேர்க்கலாம்: கட்டுப்பாட்டு அறையில் மணி அடிக்கும் அதே நொடியில் பெரியகுப்பத்திலும் பக்கத்துச் சின்னகுப்பத்திலும் சைரன் ஒலிக்க வேண்டும், நிறுவனத்தின் அனுமதிக்குக் காத்திராமல்.