மணிலா களையெடுப்பும் பெண்ணாள் கூலியும்

திருவண்ணாமலை ரமணாசிரமத்தைச் சுற்றி மானாவாரிக் கொல்லைகளாக இருந்த இடங்களில் பல இப்போது விடுதிகளாகவும் வீட்டுமனைகளாகவும் மாறிவிட்டன. அத்தியந்தல், அடிஅண்ணாமலை, அடையூர்ப் பக்கம் மிச்சமிருக்கும் நிலத்தில் மணிலா போடும் சிறு விவசாயிகளுக்குப் பெருங்கவலை, களையெடுப்புக்குப் பெண்ணாள் கிடைக்காததுதான். விடுதி துப்புரவு, சமையல், கட்டட வேலை என்று பெண்களுக்கு வேறு வழிகள் திறந்துவிட்டன. ஆள் கிடைக்காததற்கு இது பாதிக் காரணம். மீதிப் பாதி, கொல்லையில் கொடுக்கும் கூலியில் இருக்கிறது.

மணிலாவுக்கு விதைத்த 20-25 நாளில் முதல் களை எடுக்க வேண்டும். 45-ஆம் நாளை ஒட்டி இரண்டாம் களை எடுத்து, ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்க வேண்டும். அதன்பின் விழுது மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்கும் காலம். மண்ணைக் கிளறக் கூடாது. ஆகவே ஆள் பத்து நாள் தள்ளி வந்தால் பயனில்லை. களை முற்றிய கொல்லையில் மகசூல் பாதியாகக் குறைவதும் உண்டு.

விதை போடுவது, களை எடுப்பது, காய் ஆய்வது ஆகிய மூன்றும் பெரும்பாலும் பெண்கள் கையில். ஏர் பிடிப்பதும் மூட்டை தூக்குவதும் கடினம், அதனால் ஆண்களுக்குக் கூலி அதிகம் என்பது பழைய வாதம். ஏர் போய் டிராக்டர் வந்த பிறகும் அந்த வித்தியாசம் போகவில்லை. களையெடுக்க வந்த ஆணுக்குக்கூட ஆண் கூலிதான். நாள் முழுவதும் வெயிலில் குனிந்திருப்பது லேசான வேலை என்று யார் தீர்மானித்தார்களோ! காய் ஆய்வதில் மட்டும் அளவுக்குத் தக்க கூலி. அங்கே படி ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை.

கணக்குப் பார்ப்போம். ஒரு ஏக்கருக்கு ஒரு களைக்கு 12 ஆள் என்று வைத்துக்கொண்டால், ஆளுக்கு 100 ரூபாய் கூட்டினால் கூடுதல் செலவு 1,200 ரூபாய். இரண்டு களைக்கு 2,400. 2025-26-க்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். அந்த விலையில் இது 33 கிலோ காய்தான். 80 கிலோ மூட்டையில் பாதிகூட இல்லை. களை தப்பிப் போனால் நஷ்டம் மூட்டைக் கணக்கில் வரும்.

2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலைத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் வந்த ஆறு மாவட்டங்களில் திருவண்ணாமலையும் ஒன்று. தொடக்கக் கூலி 80 ரூபாய். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விகிதம். வேலையிடத்தில் குடிநீர், நிழல், முதலுதவி இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. அதனால்தான் ஆள் போயிற்று என்று விவசாயிகள் குறைபட்டுக்கொண்டார்கள். அது உண்மையே. ஆனால் ஒரே கூலி வாங்கிப் பழகிய பெண் பழைய விகிதத்துக்குத் திரும்பி வருவாளா? இதற்கு மாற்றாக 2025 டிசம்பரில் நிறைவேறிய 125 நாள் வேலைச் சட்டத்தில், விதைப்பு, அறுவடைக் காலங்களில் 60 நாள் வரை பணியை நிறுத்திவைக்க இடமிருக்கிறது. அந்த நாட்களில் ஆள் மிஞ்சும் என்று எண்ணிக் கூலியைக் குறைப்பவர்களுக்கு, மறு பட்டத்தில் அதே ஆளைத் தேடவேண்டி வரும்.

ஒரே வேலைக்கும் ஒத்த தன்மையுள்ள வேலைக்கும் சம ஊதியம் என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. இப்போது அது 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டத்துக்குள் அடங்கும். சமப்படுத்துகிறேன் என்று ஆண் கூலியைக் குறைக்கவும் சட்டம் இடம் தருவதில்லை. கொடுக்க வசதியில்லை என்பது சாக்காகாது என்று 1987-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளும் தமிழ்ப் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான நாட்சம்பளம் 1984-ல் கிடைத்தது. தோட்டங்கள் அதனால் மூடப்பட்டுவிடவில்லை.

சிறு விவசாயி இதில் இரு பக்கமும் நிற்கிறார். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் வீட்டுப் பெண்கள் தம் கொல்லை வேலை முடிந்ததும் அடுத்தவர் கொல்லைக்குக் கூலிக்குப் போகிறார்கள். ஊரில் பெண் கூலி குறைவாக இருந்தால், களைக்கு மிச்சம் பிடித்த பணம் அவர் வீட்டுக்கு வரும் கூலியிலேயே குறைகிறது.

ஆனி, ஆடியில் விதைக்கும் முன்பே அக்கம்பக்கத்துக் கொல்லைக்காரர்கள் கூடி ஒரே விகிதத்தைப் பேசி முடித்து, களையெடுக்க வருகிறவர்களிடம் நாளையும் சொல்லிவிடலாம். கொல்லையோரம் ஒரு குடம் தண்ணீரும், ஓய்ந்து உட்கார நாலு கீற்றுப் பந்தலும் போட்டுவைத்தால் செலவு அதிகம் ஆகாது.