குறுவள மையம்: ஆசிரியர்கள் கூடிக் கற்ற ஓராண்டு

குறுவள மையம் என்பது அடுத்தடுத்த ஊர்களில் உள்ள அரசுப் பள்ளிகளையும் அரசு உதவி பெறும் பள்ளிகளையும் சேர்த்து அமைத்த ஒரு தொகுப்பு. தமிழ்நாட்டு ஆசிரியர்கள் பேச்சில் அது சி.ஆர்.சி. எல்லோரும் வந்துபோக வாகான ஒரு பள்ளி மையப் பள்ளியாக இருக்கும். மற்றப் பள்ளிகளின் ஆசிரியர்கள் குறித்த நாளில் அங்கே கூடுவார்கள். இப்படிப் பத்து மையங்கள் போல ஒரு வட்டார வள மையத்தின் கீழ் வரும். மாநிலத்தில் வட்டார வள மையங்கள் நானூற்றுக்கும் மேல். அங்கே பணியாற்றும் ஆசிரியர் பயிற்றுநர்கள்தான் பள்ளிகளுக்குச் சென்று வகுப்பைப் பார்ப்பவர்கள், பயிற்சிகளை நடத்துபவர்கள். இவற்றுக்கு மேலே மாவட்ட அளவில் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது.

பள்ளிகளைத் தொகுப்பாக இயக்கும் யோசனை பழையது. 1964 முதல் 1966 வரை இயங்கிய கோத்தாரி கல்விக் குழு, ஓர் உயர்நிலைப் பள்ளியையும் அதைச் சுற்றியுள்ள நடுநிலை, தொடக்கப் பள்ளிகளையும் ஒரே வளாகமாகக் கருதலாம் என்று பரிந்துரைத்தது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் மாவட்டப் பயிற்சி நிறுவனங்கள் வந்தன. அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் காலத்தில் வட்டார, குறுவள மையங்கள் ஊர்தோறும் தெரிந்த பெயர்களாயின.

இந்த ஏற்பாட்டின் தேவை ஈராசிரியர் பள்ளியைப் பார்த்தால் புரியும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏராளமான தொடக்கப் பள்ளிகளில் இரண்டே ஆசிரியர்கள்தான். ஐந்து வகுப்புகளை இருவரும் பங்கிட்டுக்கொள்வார்கள். அவர்களில் ஒருவர் தலைமையாசிரியர். மதிய உணவு, கட்டடப் பராமரிப்பு, எமிஸ் என்ற கல்வித் தகவல் மேலாண்மைத் தளத்தில் பதிவு, பெற்றோர் கூட்டம் எல்லாம் அவர் தலையில். பாடம் நடத்துவதில் ஒரு சிக்கல் வந்தால் கலந்து பேச அந்தப் பள்ளியில் வேறு ஆள் இல்லை. இருபது ஆண்டு அனுபவமும் ஒரே அறைக்குள் தங்கிவிடும். பக்கத்து ஊர்ப் பள்ளியில் அதே சிக்கலுக்கு ஒருவர் நல்ல வழி கண்டிருக்கலாம். இவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை. தனிப் பள்ளியாக நின்றால் கிடைக்காத சக ஆசிரியரைத் தருவதுதான் குறுவள மையத்தின் முதல் பயன். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

2022-23 கல்வியாண்டு இந்த அமைப்புக்கு ஒரு கடும் சோதனையாக வந்தது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2022 ஜூனில் மூன்றாம் வகுப்புக்குள் வந்த குழந்தையை எண்ணிப் பார்க்க வேண்டும். அது முதல் வகுப்பில் பள்ளியில் உட்காரவே இல்லை. இரண்டாம் வகுப்பில் சில மாதங்கள் உட்கார்ந்தது. பாடநூலோ, எழுதப் படிக்கத் தெரிந்த குழந்தைக்கான மூன்றாம் வகுப்பு நூல். கிராமப்புறக் குழந்தைகளிடம் நடத்தப்படும் அசர் ஆய்வு, 2022இல் தமிழ்நாட்டின் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் 4.8 விழுக்காட்டினரே இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கக்கூடியவர்கள் என்று காட்டியது. 2018இலும் அது 10.2 விழுக்காடாகத்தான் இருந்தது. ஆகவே நோய்த்தொற்றை மட்டும் காரணம் சொல்லித் தப்ப முடியாது. முன்பே இருந்த பள்ளத்தை அது ஆழமாக்கியது.

பள்ளிகள் திறந்த 2022 ஜூன் 13 அன்றே, திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 2025க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளும் பிழையின்றி எழுதப் படிக்கவும் அடிப்படைக் கணக்குகளைப் போடவும் வேண்டும் என்பது இலக்காக இருந்தது. முதல் ஆண்டில் ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகள் இதில் அடங்கின. பள்ளி திறக்கும் முன்பே அந்த வகுப்புகளின் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடந்தது. காலாண்டு விடுமுறைக்குப் பின் அக்டோபரிலும், அரையாண்டு விடுமுறைக்குப் பின் ஜனவரியிலும் மறுபடி பயிற்சி. அதற்காகத் தொடக்க வகுப்புகள் மற்ற வகுப்புகளைவிடச் சில நாள் தள்ளித் திறக்கப்பட்டன. ஆசிரியர் படிப்பதற்காகக் குழந்தைகளின் விடுமுறை நீண்டது தமிழ்நாட்டில் அரிதாக நடந்த ஒன்று. பயிற்சியை வேலை நாளுக்கு நடுவில் திணிக்காமல் ஒவ்வொரு பருவத்தின் வாசலிலும் வைத்தது சரியான முடிவு. கற்றதை மறுநாளே வகுப்பில் செய்து பார்க்க முடிந்தது.

அந்தப் பயிற்சியில் ஆசிரியருக்குப் புதிதாகச் சொல்லப்பட்ட முக்கியமான செய்தி, வகுப்பைப் பார்க்காதே, நிலையைப் பார் என்பது. ஆண்டுத் தொடக்கத்தில் அடிப்படை மதிப்பீடு நடத்தி, குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளில் வைத்தார்கள். முதல் வகுப்புக்கு உரியதைக் கற்க வேண்டிய குழந்தை அரும்பு. இரண்டாம் வகுப்பு அளவில் இருப்பது மொட்டு. மூன்றாம் வகுப்பு அளவை எட்டியது மலர். மூன்றாம் வகுப்பில் பெயர் இருந்தாலும் எழுத்து தெரியாத குழந்தை அரும்புதான். அதற்கு ஏற்ற பயிற்சி நூல் அதன் கைக்கு வரும். பாட்டு, கதை, பொம்மலாட்டம், படித்தல், படைப்பு என்று வகுப்பறைக்குள் தனித்தனிக் களங்கள் அமைந்தன. இது முற்றிலும் புதிய சிந்தனை இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08இல் மாநிலம் முழுதும் பரவிய செயல்வழிக் கற்றல், ஆந்திராவின் ரிஷிவேலி கல்வி மையத்திலிருந்து எடுத்துக்கொண்ட அட்டைகளும் கற்றல் ஏணியுமாக இதே பாதையில் நடந்தது. அன்று அட்டையோடு பழகிய மூத்த ஆசிரியர்கள் பலர் பயிற்சி அறையில் இளையவர்களுக்கு வழிகாட்டினார்கள்.

குறுவள மையக் கூட்டத்தின் மதிப்பு எதில் இருக்கிறது என்பதற்கு ஒரு கழித்தல் கணக்கு போதும். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் குழந்தைகள் பலர் 35 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு என்று தோன்றும். உண்மையில் அந்தக் குழந்தை ஓர் ஒழுங்கோடுதான் கணக்குப் போட்டிருக்கிறது. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று கற்றதை ஒவ்வோர் இலக்கத்துக்கும் பொருத்தி, 7இல் 2 போனால் 5, 5இல் 2 போனால் 3 என்று முடித்திருக்கிறது. சிவப்பு மையில் அடித்துவிட்டுக் கடன் வாங்கும் முறையைக் கரும்பலகையில் திரும்பவும் போட்டுக் காட்டினால் இந்தப் பிழை போகாது. ஐந்து பத்துக் கட்டுக் குச்சிகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் கையில் கொடுத்து 27 எடுக்கச் சொன்னால், உதிரி போதவில்லை என்று குழந்தையே ஒரு கட்டை அவிழ்க்கும். இப்போது உதிரி 12. அதில் 7 எடுத்தால் 5 மிச்சம். நான்கு கட்டில் இரண்டு எடுத்தால் இரண்டு மிச்சம். 25 என்பது தன் கண்முன்னே கிடக்கும். பத்துப் பள்ளி ஆசிரியர்கள் தங்கள் பிள்ளைகளின் நோட்டுகளோடு ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால், இந்த 35 எல்லா ஊரிலும் இருப்பது முதல் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தன் வகுப்புப் பிள்ளைக்கு அறிவு குறைவு என்று அதுவரை வருந்திய ஆசிரியருக்கு அந்தப் பத்து நிமிடம் பெரிய விடுதலை.

எழுத்திலும் அப்படியே. தமிழ் நெடுங்கணக்கின் 247 எழுத்துகளில் 216 உயிர்மெய். ஆகாரத்துக்குத் துணைக்கால் என்ற ஒரே குறி எல்லா எழுத்துக்கும் பொருந்துகிறது. உகர வரிசையில் அந்த வசதி கிடையாது. கு, சு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளையும். ஊகார வரிசை இன்னும் கடினம். எகர, ஏகாரங்களில் குறி எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். கொ, கோ என்றால் குறி இருபுறமும் நிற்கும். தேனைத் தென் என்றும் கூடையைக் குடை என்றும் படிக்கிற குழந்தை எங்கே தடுக்குகிறது என்று கண்டுபிடிப்பது ஒரு தனித் திறமை. கருத்தாளராக வந்த சக ஆசிரியர் ஒருவர் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டும்போது அந்தத் திறமை கைமாறுகிறது. எந்தக் கையேடும் அதற்கு ஈடாகாது.

அதே ஆண்டில் வேறு கைகளும் சேர்ந்தன. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் தன்னார்வலர்கள் மாலை வேளைகளில் குடியிருப்புகளில் குழந்தைகளோடு உட்கார்ந்தார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கி, முதல் கட்டமாக 1,545 பள்ளிகளில் 1,14,095 குழந்தைகளுக்குச் சூடான சிற்றுண்டி கிடைத்தது. காலையில் வெறும் வயிற்றோடு வரும் குழந்தையிடம் எந்தக் கற்பித்தல் முறையும் பலிக்காது என்பதை ஆசிரியர்கள் என்றைக்கும் சொல்லி வந்திருக்கிறார்கள்.

குறைகளும் இருந்தன; மறைத்துப் பயனில்லை. பயிற்சி மாநிலத்திலிருந்து மாவட்டம், மாவட்டத்திலிருந்து வட்டாரம், வட்டாரத்திலிருந்து பள்ளி என்று அடுக்கடுக்காக இறங்குகிறது. கையிலிருந்து கைக்கு ஊற்றும் தண்ணீர் வழிவதுபோல ஒவ்வொரு படியிலும் விளக்கம் கொஞ்சம் குறையும். முதல் அறையில் செய்து காட்டப்பட்ட செயல்பாடு, கடைசி அறையில் திரையில் ஓடும் எழுத்தாகிவிடும். மதிப்பீடுகளைக் கைப்பேசிச் செயலியில் பதிய வேண்டியிருந்தது அதைவிடப் பெரிய சுமை. கற்கும்போதே நடத்தும் வளரறி மதிப்பீட்டைக் குழந்தைக்குக் குழந்தை, பாடத்துக்குப் பாடம் செயலியில் ஏற்ற வேண்டும். சமிக்ஞை கிடைக்காத ஊர்களில் ஆசிரியர் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு பள்ளி வளாகத்தைச் சுற்றினார். கற்பிக்கும் நேரத்தைப் பதிவேற்றம் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் குரல் கொடுத்தன. அந்தக் குரலில் நியாயம் உண்டு. குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டியவர் அதன் ஆசிரியர். அவருக்கு அது குழந்தையின் நோட்டிலேயே தெரியும்.

கூட்ட நாள் குறித்த மனக்குறை தனி. குறுவள மையக் கூட்டங்கள் பெரும்பாலும் சனிக்கிழமைகளில் வந்தன. அதற்கு ஈடுசெய் விடுப்பு வேண்டும் என்பது ஆசிரியர்களின் நெடுநாள் கோரிக்கை. ஓய்வு நாளை விட்டுக்கொடுத்து வருபவருக்கு அந்த நாள் பயனுள்ளதாக அமைய வேண்டும். சில மையங்களில் அப்படி அமைந்தது. சில மையங்களில் சுற்றறிக்கை வாசிப்பதும் நிலுவைப் படிவங்களை நினைவூட்டுவதுமாகப் பொழுது கழிந்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் நடத்துபவரைப் பொறுத்தது. தானே வகுப்பெடுத்துப் பார்த்துவிட்டு வரும் ஆசிரியர் பயிற்றுநரிடம் கேள்வி கேட்க ஆசிரியர்கள் தயங்குவதில்லை. கணக்கெடுக்க மட்டும் வருபவரிடம் யாரும் தன் வகுப்பின் தோல்வியைத் திறந்து பேச மாட்டார்கள். தோல்வியைப் பேசாத இடத்தில் பயிற்சிக்கு வேலையே இல்லை.

ஓராண்டில் வகுப்பறையில் தெரிந்த மாற்றம் கண்ணுக்குப் புலப்படக்கூடியதுதான். கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்த குழந்தைகள் எழுந்து பாடினார்கள், பொம்மையை வைத்துக் கதை சொன்னார்கள், எழுத்தட்டைகளை அடுக்கிச் சொல் அமைத்தார்கள். பயிற்சிக்குப் போய் வந்த ஆசிரியர்கள் துணைக் கருவிகளைத் தங்கள் கையாலேயே செய்தார்கள். கற்றலின் அளவு மெதுவாகத்தான் நகரும். அசர் ஆய்வின் 2024ஆம் ஆண்டு அறிக்கையில், இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கக்கூடிய மூன்றாம் வகுப்புக் குழந்தைகளின் பங்கு 2022இல் இருந்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆகியிருந்தது. திசை சரி. ஆனாலும் எல்லாக் குழந்தைகளும் என்ற இலக்குக்கு முன் அது மிகச் சிறிய எண். படிக்கத் தெரியாமல் மேல்வகுப்புக்குப் போகும் குழந்தைகளே இன்னும் அதிகம். அவர்களுக்காகக் குறுவள மையக் கூட்டங்களில் ஒரு மணி நேரத்தையேனும் பதிவுகளிலிருந்து மீட்டு, குழந்தைகளின் நோட்டுகளுக்கு ஒதுக்க வேண்டும்.

2023-24இல் திட்டம் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. அந்த வகுப்புகளின் ஆசிரியர்களும் பயிற்சிக்கு வந்தார்கள். 2022 ஜூனில் முதல் வகுப்பில் அரும்பாகச் சேர்ந்த குழந்தைகள் 2026-27இல் ஐந்தாம் வகுப்பில் இருப்பார்கள்.