வாழைப்பழ வாசமும் தேனீயின் கோபமும்

வங்கியில் 34 வருஷம் கணக்குப் பார்த்தவன் நான். ஓய்வு பெற்றதும் தென்னைக்கு நடுவே ஆறு தேனீப் பெட்டி வைத்தேன். ஒருநாள் ரெண்டு பூவன் பழம் சாப்பிட்டுவிட்டு, கை கழுவாமல், புகையும் போடாமல் பெட்டியைத் திறந்தேன். மணிக்கட்டில் ஒரு கொட்டு. கையை உதறினேன். அவ்வளவுதான், அதே இடத்தைத் தேடி வந்து பத்துப் பதினைந்து கொட்டிவிட்டன. எனக்குத் தேனீ வளர்ப்பு கற்றுத் தந்த பெரியவர் முதலில் கேட்டது, "பழம் தின்னுட்டு வந்தீங்களா சார்?"

விஷயம் இதுதான். பழுத்த வாழைப்பழத்தின் மணத்துக்கு முக்கியக் காரணம் ஐசோஅமைல் அசிட்டேட் என்ற எஸ்டர். தேனீ கொட்டும்போது கொடுக்குப் பகுதியிலிருந்து கிளம்பும் எச்சரிக்கை வாசனையிலும் முதன்மையானது இதே பொருள்தான். 1962-ல் ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். நம்ம இந்தியத் தேனீயிடமும் இது உண்டு. "எதிரி வந்துட்டான், எல்லாரும் வாங்க" என்று கூட்டுக்குப் போகும் தந்தி அது. ஒரு கொட்டு விழுந்த இடத்திலேயே அடுத்ததும் விழுவது இதனால்தான். புகை போட்டால் இந்த வாசனை தேனீக்குச் சரியாக எட்டாது.

இதே பொருளை ஆலையில் தயாரித்து வாழைப்பழ எசன்ஸ், நகப்பூச்சு, வார்னிஷ் போன்றவற்றில் சேர்க்கிறார்கள். சில தின்னர்களில் இதுவோ இதன் பங்காளி எஸ்டர்களோ இருக்கும்.

அடுத்த பாடம் அங்கேதான். பெட்டிக்கு வார்னிஷ் அடிக்கத் தின்னர் டப்பாவைத் திறந்தேன். குப்பென்று பழவாசம். நாலடி தள்ளிப் புகைமூட்டி கனன்றுகொண்டிருந்தது. பெயிண்டர் தம்பி பாய்ந்து வந்து டப்பாவை மூடினார். "கொட்டகையே போயிருக்கும் சார்!"

அவர் சொன்னது நிஜம். சுத்தமான ஐசோஅமைல் அசிட்டேட் சுமார் 25 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். நம்ம சித்திரை வெயில் 35-ஐத் தாண்டும். ஆவி காற்றைவிட நாலு மடங்குக்கு மேல் கனம். தரையோடு ஊர்ந்து நெருப்பிடம் போய்ச் சேரும். திரவமோ தண்ணீரைவிட லேசு. தண்ணீர் ஊற்றினால் தீ மேலே மிதந்து பரவும். மூடிய அறையில் நிறைய சுவாசித்தால் தலைவலி, தலைசுற்றல், கண் எரிச்சல் வரும்.

ஆகவே சொந்தங்களே, இதைக் கவனத்தில் வையுங்கள்:

பெட்டியைத் திறக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பழத்தை வேலை முடிந்தபின் சாப்பிடலாம். செண்ட்டும் வேண்டாம்.

கொட்டினால் உதறாதீர்கள். கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுத்து, அந்த இடத்தில் புகை காட்டி, கழுவிவிடுங்கள். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரி.

தின்னர் வேலை வெட்டவெளியில், நெருப்பும் பீடியும் இல்லாத இடத்தில். பக்கத்தில் ஒரு வாளி மணல். வாசம் முழுக்கப் போனபிறகே பெட்டியில் தேனீயை விடுங்கள்.

பழத்தில் இருந்தால் விருந்து, கொடுக்கில் இருந்தால் எச்சரிக்கை, டப்பாவில் இருந்தால் நெருப்பு. வாசம் ஒன்றுதான், இடம் பார்த்து நடக்க வேண்டியது நாம்தான்.