நிரல் பழகக் கணக்கு எங்கே கிடைக்கும்?

கணிப்பொறி மொழி படித்த பிள்ளைகள் நம் சங்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். வகுப்பில் போட்டதைப் போடுவார்கள். புதிதாக ஒன்றைக் கொடுத்தால் கை நின்றுவிடுகிறது. வேலைத் தேர்வில் அந்த இடத்தில்தான் கழித்துவிடுகிறார்கள். ஜவுளி வியாபாரிக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். பழைய கணித நூல்களைப் புரட்டுவது எனக்கு வழக்கம்; பேரனோடு உட்கார்ந்து பைத்தானும் கொஞ்சம் பழகினேன்.

2001-ல் கோலின் ஹியூஸ் தொடங்கிய 'பிராஜெக்ட் ஆய்லர்' கணக்குகள் ஆரம்பத்துக்கு நல்லவை. முதல் கணக்கு, 1000-க்குக் கீழே 3 அல்லது 5-ஆல் வகுபடும் எண்களின் கூட்டுத்தொகை. விடை 233168. இரண்டு வரிசையையும் தனித்தனியே கூட்டிச் சேர்த்தால் 15, 30 போன்றவை இரண்டு தடவை விழுந்து 33165 அதிகமாகும்.

ஆனால் எண்ணிக்கைக்காகப் போட்டுத் தள்ளுவதில் பயனில்லை. ஒன்றையே ஆழ உழணும். 12-ஆம் நூற்றாண்டில் குஜராத்தில் வாழ்ந்த ஹேமசந்திரர் யாப்புக்காகச் சொன்ன கணக்கைப் பாருங்கள். லகுவுக்கு ஒரு மாத்திரை, குருவுக்கு இரண்டு, நம் குறில் நெடில் மாதிரி. 5 மாத்திரையை எத்தனை விதமாக நிரப்பலாம்? கடைசியில் லகு வந்தால் முன்னால் 4 மாத்திரை, அதற்கு 5 விதம். குரு வந்தால் 3 மாத்திரை, அதற்கு 3 விதம். ஆக 8. இதையே தன்னைத்தானே அழைக்கும் நிரலாக எழுதினால் 40 மாத்திரைக்குக் கணிப்பொறிக்கே மூச்சு வாங்கும். போட்ட கணக்கையே திரும்பத் திரும்பப் போடுகிறது! வந்த விடைகளைக் குறித்து வைக்கச் செய்தால் 165580141 என்று நொடியில் சொல்லிவிடும். பிறகு, எண்ணிக்கை போதாது, 10 மாத்திரைக்குரிய 89 விதங்களையும் அச்சிடு என்று கேளுங்கள். அது வேறு வேலை.

அடுத்தது புராஜெக்ட். யாராவது நிஜமாகவே பயன்படுத்தப் போவதாக இருக்கணும். பேரனுக்கு நான் கொடுத்தது கடை உதாரி நோட்டு. பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருகிறது, அதனால் ரூபாயைப் பைசாவாக்கி முழு எண்ணில் வைத்தான். பார்ட்டி பாதிப் பணம் தந்தால் வட்டியில் கழிப்பதா, அசலிலா? ஜனவரி 31-ல் ஒரு மாதத் தவணை என்றால் கெடு எந்தத் தேதி? இதையெல்லாம் கணக்குப்பிள்ளையிடம் கேட்டுத்தான் எழுத முடிந்தது.

அவரோ முதல் வாரம் அதைத் தொடவே இல்லை. பார்ட்டி பெயரை இங்கிலீஷில் அடிக்க வேண்டியிருந்ததாம். தமிழிலும் இந்தியிலும் பெயர் எழுதும்படி மாற்றிய பிறகு, இப்போது நோட்டும் நிரலும் சேர்ந்தே ஓடுகின்றன.