நோயைச் சொன்னால் மாட்டுக்காரருக்கு என்ன கிடைக்கும்?

தோல் கழலை நோய் கண்ட மாடு முதலில் தீவனத்தைக் குறைக்கும். அசைபோடுவது நின்றுபோகும், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், காய்ச்சல் ஏறும். ஓரிரு நாளில் கழுத்து, முதுகு, மடி என்று உடம்பெங்கும் கட்டிகள் எழும்பும். சில புளியங்கொட்டை அளவு, சில எலுமிச்சை அளவு. தொட்டால் தோலுக்குள்ளேயே கெட்டிப்பட்டுக் கிடப்பது தெரியும். அந்த ஓரிரு நாளில் மாட்டுக்காரர் யாரிடம் போய்ச் சொல்கிறார் என்பதைப் பொறுத்தே ஊரிலுள்ள மற்ற மாடுகளின் கதி அமைகிறது.

பல ஊர்களில் அவர் யாரிடமும் சொல்வதில்லை. இதை அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது, அது நியாயமில்லை. விஷயம் வெளியே தெரிந்தால் பால் எடுப்பவர் தயங்குவார், சந்தையில் விலை இறங்கும், பக்கத்துத் தொழுவத்தார் பேச்சைக் குறைத்துக்கொள்வார். சொல்வதால் வரும் நட்டம் அன்றைக்கே அவர் வீட்டுக்கு வருகிறது. நன்மையோ ஊருக்குப் போகிறது, அதுவும் சில வாரம் கழித்து. அரசு கால்நடை மருத்துவர்மேல் மக்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்ற பேச்சு இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தோல் கழலை நோய் இந்தியாவில் 2019இல் ஒடிசாவில் முதலில் உறுதியானது. 2022இல் குஜராத், ராஜஸ்தான் தொடங்கிப் பல மாநிலங்களில் பரவி, அரசுக் கணக்கிலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைக் கொன்றது. கடிக்கும் ஈ, கொசு, உண்ணி வழியாக இது பரவுகிறது. மனிதருக்கு ஒட்டாது, காய்ச்சிய பாலைக் குடிப்பதில் கேடில்லை. ஆனால் பாலைப் பற்றிய வதந்தி நோயைவிட வேகமாக ஓடியது. மாட்டை இழக்காதவரும் பால் வருமானத்தை இழக்கும் நிலை வந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? கால்நடைகளின் தொற்றுநோய்களைத் தடுக்க 2009இல் நாடாளுமன்றம் ஒரு தனிச் சட்டம் இயற்றியது. கோமாரி, அடைப்பான், தொண்டை அடைப்பான், சப்பை நோய், ஆட்டுக்கொல்லி, வெறிநோய் முதலியவை அதன் அட்டவணையில் உள்ளன. அட்டவணை நோய் இருப்பதாகச் சந்தேகம் வந்தாலே, மாட்டை வைத்திருப்பவர் கிராம அலுவலரிடமோ ஊராட்சிப் பொறுப்பாளரிடமோ தெரிவிக்க வேண்டும். நோய் கண்டதைத் தனியே கட்டி, பொதுக் குட்டையிலும் மேய்ச்சல் நிலத்திலும் மற்றவற்றோடு சேர விடக்கூடாது. ஒரு பகுதியைக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அரசு அறிவித்துவிட்டால், அந்த நோய்க்கான தடுப்பூசி அங்கே கட்டாயம்; மாட்டை வெளியே ஓட்டிப்போவதற்கும் தடை வரும். நோயில் செத்ததை ஆற்றிலோ வாய்க்காலிலோ தெரிந்தே போடுவது குற்றம்.

இவ்வளவு கடமையைச் சொல்லும் சட்டம், நோயால் தானாக இறந்த மாட்டுக்கு இழப்பீடு கொடுத்தே தீரவேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. வெள்ளத்திலோ புயலிலோ கறவை மாடு இறந்தால் பேரிடர் நிவாரண விதிப்படி 37,500 ரூபாய் உண்டு. கொள்ளை நோய்க்கு அப்படி நிலையான விதி கிடையாது. தோல் கழலை நோய்க்கு மகாராஷ்டிரா கறவை மாட்டுக்கு 30,000 ரூபாய் வரையும், ராஜஸ்தான் 40,000 ரூபாயும் தந்தது அந்தந்த அரசின் தனி முடிவு. கடமையைச் சட்டத்திலும் உதவியை அறிவிப்பிலும் வைத்திருப்பது பெரிய குறை. நோயை மறைக்கும் பழக்கத்துக்கு இந்தக் குறையும் ஒரு காரணம்.

தடுப்பூசி பற்றிய சந்தேகத்தையும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. கோமாரித் தடுப்பூசி போட்ட சில மாடுகளுக்கு இரண்டு மூன்று நாள் பால் குறையும், ஊசி போட்ட இடம் வீங்கும். இது உண்மை, முகாமிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் போட்டுவிட்டு, பால் குறைந்ததும் மாட்டுக்காரர் வந்து கேட்டால் அதட்டுகிற இடத்தில் அடுத்த முகாமுக்கு மாடு வராது. அதேபோல, ஊசி வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும். ஊரில் நோய் வந்தபின் அவசரமாகப் போடும்போது, கிருமி ஏற்கெனவே உடம்புக்குள் போன மாட்டுக்கு ஊசிக்குப் பிறகு வாயில் கொப்புளம் வெடிக்கும். பார்ப்பவருக்கு ஊசிதான் நோயைக் கொண்டுவந்ததாகத் தோன்றும். 2013இன் கடைசியில் தமிழ்நாட்டில் கோமாரி பரவி மாடுகள் செத்தபோது பட்ட அடியை மறக்காத ஊர்களில் இந்த எண்ணம் எளிதில் போவதில்லை.

மத்திய அரசு 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலவசம். கருச்சிதைவு நோய்க்கு நான்கு முதல் எட்டு மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு ஆயுளில் ஒருமுறை ஊசி, அதுவும் இலவசம். முகாமில் கவனிக்கவும் கேட்கவும் மாட்டுக்காரருக்குச் சில விஷயங்கள் உண்டு. மருந்துக் குப்பி ஐஸ் வைத்த பெட்டியிலிருந்து வருகிறதா என்று பார்க்கலாம். 2 முதல் 8 டிகிரி குளிரில் இல்லாத மருந்து வெறும் தண்ணீர் மாதிரிதான். ஒரு மாட்டுக்குப் போட்ட ஊசி முனையையே அடுத்ததற்கும் போட்டால் தோல் கழலை போன்ற நோய் அதன் வழியாகவே பரவக்கூடும். புது முனை கேட்பது வம்பு பேசுவதாகாது. நிறைசினை மாட்டுக்கு இப்போது போடலாமா என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும், ஆகவே எத்தனை மாதச் சினை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காதில் மாட்டும் பன்னிரண்டு இலக்க வில்லை எண்ணின் கீழ் அன்றைய ஊசி பதிவாகிறதா என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஊசியும் ஊரும் ஒத்துழைத்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டு மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. ஒரு காலத்தில் தொழுவத்தையே காலி செய்த வெக்கை நோய், இந்தியாவில் கடைசியாக 1995இல் வட ஆற்காடு பகுதியில் காணப்பட்டது. 2011இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மேய்ப்பவர்கள் வாய்விட்டுச் சொன்னதும், அதைக் கேட்டு மருத்துவர்கள் கிடைக்கிடையாக அலைந்ததும் சேர்ந்து பெற்ற வெற்றி அது.

அந்த அலைச்சலுக்கு இன்று ஆள் போதவில்லை. ஐயாயிரம் மாட்டுக்கு ஒரு மருத்துவ நிலையம் வேண்டும் என்று தேசிய வேளாண் ஆணையம் 1976இலேயே பரிந்துரைத்தது. 2019 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாடுகள் மட்டும் சுமார் 95 லட்சம், ஆடுகள் தனி. கன்று தலை திரும்பி மாடு ஈன முடியாமல் தவிக்கிற ராத்திரியில் மருந்தகம் பூட்டிக் கிடந்தால், பைக்கில் வரும் ஊசிக்காரரைத்தான் கூப்பிடுவார்கள். 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் மருத்துவ ஊர்தி வரும் ஏற்பாடு இந்த இடைவெளியை ஓரளவு குறைக்கிறது.

ஊசிக்காரரிடம் உள்ள ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் குழுமச் சட்டப்படி, பதிவு பெற்ற மருத்துவர்தான் வைத்தியம் பார்க்கலாம். அரசு அனுமதித்த உதவியாளர்கள் மருத்துவரின் மேற்பார்வையில் சிறு சிகிச்சைகள் மட்டும் செய்யலாம். மருந்தின் பெயர் எழுதாத ஊசியால் மாடு செத்தால் யாரிடமும் கேட்க முடியாது. ஆன்டிபயாட்டிக் போட்ட மாட்டின் பாலை லேபிளில் சொன்ன நாள்வரை விற்கக்கூடாது. லேபிளில் நாள் இல்லையென்றால் பாலுக்குக் குறைந்தது ஏழு நாள், இறைச்சிக்கு 28 நாள் என்பது விதி. என்ன மருந்து என்றே தெரியாதவர் எந்த நாளைக் கணக்கு வைப்பார்? சிகிச்சைச் சீட்டை எழுதி வாங்குவது இதனால்தான் முக்கியம்.

இழப்பீடு உறுதியில்லாத நிலையில் கைகொடுப்பது காப்பீடு. தேசியக் கால்நடை இயக்கத்தில் 2024இல் செய்த மாற்றப்படி, பிரீமியத்தில் 15 சதவீதத்தை மட்டும் மாட்டுக்காரர் கட்டினால் போதும். மாடு இறந்தவுடன் காப்பீட்டு நிறுவனத்துக்கும் மருந்தகத்துக்கும் தகவல் போக வேண்டும். காது வில்லையைக் கழற்றவோ தொலைக்கவோ கூடாது. வில்லை இல்லாத மாட்டுக்குப் பணம் வாங்குவது பெரும்பாடு. வில்லையோடு தலை தெரியும்படி படம் எடுத்து வைத்து, பிரேதப் பரிசோதனை முடிந்தபின் புதைக்கலாம். ஒரு விதிவிலக்கு உண்டு. திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் கசிந்தால் அது அடைப்பானாக இருக்கலாம். அதைத் தோலுரிக்கவோ அறுக்கவோ கூடாது. மனிதருக்கும் தொற்றி உயிரை எடுக்கும். மருத்துவர் ரத்தத்தை மட்டும் தடவி எடுத்துச் சோதிப்பார். காப்பீட்டுக்கு அவர் எழுதித்தரும் சான்று வேண்டும்.

குறை இருந்தால் எங்கே போவது? மருத்துவர் வரவில்லை, இலவச ஊசிக்குப் பணம் கேட்டார்கள் என்றால் துறையின் உதவி இயக்குநர், அவருக்கு மேல் மண்டல இணை இயக்குநர். ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுத்து ரசீது வாங்கலாம். லஞ்சம் என்றால் லஞ்ச ஒழிப்புத் துறை. தொழில் நெறி மீறல் என்றால் மாநிலக் கால்நடை மருத்துவக் குழுமம். எல்லாருக்கும் இலவசமாகத் தரும் அரசு சிகிச்சை பொதுவாக நுகர்வோர் ஆணையத்தின் வரம்புக்குள் வராது. காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்தால் இரண்டு ஆண்டுக்குள் அங்கே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணமில்லை. ஊருக்கு ஊசி எப்போது வந்தது, எந்தத் தொகுதி எண், எத்தனை மாட்டுக்குப் போட்டதாகப் பதிவேட்டில் இருக்கிறது, மருத்துவர் பணியிடம் எவ்வளவு காலமாகக் காலி என்பதையெல்லாம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். முப்பது நாளுக்குள் பதில் வராவிட்டால், அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலரிடம் அடுத்த மனு போக வேண்டும்.