கம்ப்யூட்டர் திடீர் திடீர்னு ஆஃப் ஆகுதா? ஃபார்மேட் போடுறதுக்கு முன்னாடி இதையெல்லாம் செக் பண்ணுங்க!

பிளஸ் 2 முடித்த மகளுக்கு பொறியியல் கலந்தாய்வு விண்ணப்பம் போட வேண்டும். மதிப்பெண் விவரம், சாதிச் சான்றிதழ் எல்லாம் ஏற்றி முடிக்கும் நேரத்தில் திரை கருப்பாகி, கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. மறுபடி உட்கார்ந்தால் அரை மணி நேரம் ஒழுங்காக ஓடுகிறது, பிறகு அதே கதை. தருமபுரி, பாலக்கோடு, அரூர் என்று எங்கே சர்வீஸ் கடைக்குப் போனாலும் பெரும்பாலும் முதலில் வரும் பதில், "ஃபார்மேட் போட்டுடலாம்" என்பதுதான்.

ஆனால், கோளாறு ஹார்டுவேரில் இருந்தால் பத்து முறை ஃபார்மேட் போட்டாலும் சரியாகாது. பேக்கப் எடுக்காவிட்டால் போட்டோவும் கணக்கும் போனதுதான் மிச்சம். அப்படியென்றால் உண்மையான காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் வேலை என்ன?

பழுது பார்ப்பதற்கு முன்பே முக்கியமான ஃபைல்களை ஒரு பென்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ காப்பி செய்துவிடுங்கள். கோளாறு ஹார்டு டிஸ்கில் இருந்தால் நாளைக்கு அது திறக்காமலே போகலாம்.

அடுத்து ஒரு பேப்பரில் மூன்று விஷயங்களை எழுதுங்கள். எப்போது நின்றது? அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? எப்படி நின்றது? நான்கைந்து முறை எழுதினாலே ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும். 'திடீர்னு' நடப்பதாக நாம் நினைக்கும் பல கோளாறுகளுக்குப் பின்னால் ஒரே காரணம் இருக்கும்.

எப்படி நிற்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கு!

* எந்தத் தகவலும் காட்டாமல் பட்டென்று ஆஃப் ஆனால்: சூடு அல்லது மின்சாரம்.
* நீலத் திரை வந்தால்: ரேம், டிஸ்க் அல்லது டிரைவர். விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் இது கருப்புத் திரையாக மாறியிருக்கிறது. அதில் வரும் பிழைக் குறியீட்டை போனில் போட்டோ எடுத்து வையுங்கள்.
* மவுஸ்கூட நகராமல் அப்படியே உறைந்தால்: பெரும்பாலும் டிஸ்க் அல்லது ரேம்.

இது முதல் கணிப்புதான், முடிவல்ல. அடுத்து ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும்.

1. சூடு

சித்திரை, வைகாசியில் தருமபுரியில் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது வழக்கம். ஷீட் போட்ட வீடு என்றால் உள்ளே இன்னும் மோசம். பிராசசர் சூடாகும்போது முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு தணியாமல் 100 டிகிரி செல்சியஸ் பக்கம் போனால், எரிந்துபோகாமல் இருக்க தானாகவே ஆஃப் ஆகிவிடும்.

கேம், வீடியோ எடிட்டிங் ஆரம்பித்து பத்து இருபது நிமிடத்தில் நின்றால் சந்தேகமே வேண்டாம், முதலில் சூட்டைப் பாருங்கள். ஃபேன் சுற்றுகிறதா, தூசி அடைத்திருக்கிறதா என்று கவனியுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டலாம். லேப்டாப்பை மெத்தை மேல் வைத்து ஓட்டாதீர்கள். ஐந்தாறு வருடப் பழைய கம்ப்யூட்டர் என்றால், பிராசசர் மேல் உள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். கடையில் கொடுத்து மாற்றலாம்.

2. மின்சாரம்

வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட். போர்வெல் மோட்டார் ஓடும்போதோ, கிரைண்டர் போட்டதுமோ கம்ப்யூட்டர் நின்றால், குறை விண்டோஸில் இல்லை, வோல்டேஜில் இருக்கலாம். கேபினெட்டுக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ் பழசாகி இருந்தாலும் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்காது.

யுபிஎஸ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். அதன் பேட்டரி சில வருடங்களில் வலுவிழந்துவிடும். கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு, யுபிஎஸ்ஸில் ஒரு 60 வாட் குண்டு பல்பைப் போட்டு, மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். பல்பு உடனே அணைந்தால் பேட்டரி போய்விட்டது என்று அர்த்தம்.

லேப்டாப்பில் இது இன்னும் சுலபம். சார்ஜரை எடுத்துவிட்டு பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள். அப்போது நிற்கவில்லை என்றால் சார்ஜரையோ பிளக் பாயிண்டையோ பாருங்கள்.

3. ரேம்

ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று தேடுங்கள். ரீஸ்டார்ட் ஆகி தானாகவே சோதித்து முடிவைச் சொல்லும். பிழை காட்டினால், பிளக்கைக் கழற்றி, ஏதாவது உலோகத்தைத் தொட்டு உடம்பில் உள்ள நிலை மின்சாரத்தை நீக்கிவிட்டு, ரேமை எடுத்து மறுபடி சரியாகப் பொருத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டுங்கள். எதைப் போட்டால் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி.

4. டிஸ்க், டிரைவர், அப்டேட்

ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று தேடினால், எந்த நாளில் எது பழுதானது என்று காலண்டர் போலக் காட்டும். ஒரு அப்டேட் போட்ட நாளிலிருந்து பிரச்சனை என்றால் அந்த அப்டேட்டை நீக்கிப் பாருங்கள். 'கெர்னல் பவர் 41' என்று வந்தால் பயப்பட வேண்டாம். முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றது என்பதுதான் அதற்குப் பொருள், ஏன் நின்றது என்பதை அது சொல்லாது.

பெரிய கம்பெனிகளுக்கே நடந்ததுதான்!

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான ஒரே ஒரு அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அங்கே ஹார்டுவேரில் எந்தக் குறையும் இல்லை.

அதே ஆண்டில் இதற்கு நேர் எதிரான கதையும் நடந்தது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சில அடிக்கடி கிராஷ் ஆயின. தேவைக்கு அதிகமான வோல்டேஜ் போனதே காரணம் என்று கண்டறிந்த இன்டெல், மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டு, வாரண்டியை மேலும் 2 ஆண்டுகள் நீட்டித்தது. உங்களிடம் அந்த பிராசசர் இருந்தால், பயாஸ் அப்டேட் செய்திருக்கிறதா என்று கடையில் கேளுங்கள்.

இந்த வலையில் விழுந்துடாதீங்க!

"உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த நம்பருக்கு அழையுங்கள்" என்று திரையில் வந்தால் அது மோசடி. மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. பணம் இழந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

கடைக்குப் போகும்போது...

எழுதி வைத்த பேப்பரையும் போட்டோவையும் காட்டுங்கள். "வேற எஸ்எம்பிஎஸ், வேற ரேம் போட்டுப் பாத்தீங்களாண்ணா?" என்று கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பி வாங்குங்கள். எல்லாம் பார்த்த பிறகும் சரியாகவில்லை என்றால் மட்டும் ஃபார்மேட்டுக்குச் சம்மதியுங்கள்.

அதுவரை விண்ணப்பத்தின் கடைசி நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். பக்கத்து இ-சேவை மையத்திலேயே போட்டுவிடுங்கள். கம்ப்யூட்டரை அடுத்த வாரம்கூட சரி செய்துகொள்ளலாம், கடைசி தேதி காத்திருக்காது.