எரித்தும் அழியாத கப்பல்!
சேற்றுக்குள் 159 ஆண்டு மறைந்திருந்த சாட்சி

1860-ம் ஆண்டு ஜூலை மாதம். அமெரிக்காவின் தென்பகுதியில் அலபாமா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே மொபீல் ஆற்றில், இரவு நேரத்தில் ஒரு பாய்மரக் கப்பல் தீப்பற்றி எரிந்தது.

தீ வைத்தவன் கொள்ளைக்காரன் அல்ல, எதிரியும் அல்ல. அந்தக் கப்பலைக் கட்டியவனே தீ வைத்தான்!

தான் கட்டிய வீட்டைத் தானே யாராவது கொளுத்துவார்களா? அவன் கொளுத்தினான். அந்தக் கப்பல் அதிகாரிகள் கையில் சிக்கினால் அவன் தூக்கில் தொங்க நேரிடும். அதுதான் காரணம்!

கப்பலின் பெயர் "கிளோடில்டா". கட்டியவன் பெயர் வில்லியம் பாஸ்டர். அவனே கேப்டன்.

பந்தயம்

அந்தக் காலத்தில் அமெரிக்காவின் தென்பகுதியில் கறுப்பு இன மக்களை அடிமைகளாக வைத்து வேலை வாங்கினார்கள். ஆடு மாடுகளைப் போல மனிதர்களை விற்றார்கள், வாங்கினார்கள். அது சட்டப்படி நடந்தது.

ஆனால் ஆப்பிரிக்காவில் இருந்து புதிதாக அடிமைகளைக் கொண்டுவரக்கூடாது என்று 1808-ம் ஆண்டே தடை போட்டுவிட்டார்கள். பிறகு 1820-ல் வந்த சட்டம் இன்னும் கடுமையானது. மீறினால் மரண தண்டனை!

மொபீல் நகரில் திமொதி மெயர் என்ற பணக்காரன் இருந்தான். ஆற்றில் ஓடும் நீராவிப் படகுகளுக்குச் சொந்தக்காரன். "அதிகாரிகளின் கண்ணில் மண்ணைத் தூவி, ஒரு கப்பல் நிறைய அடிமைகளைக் கொண்டுவந்து காட்டுகிறேன்" என்று அவன் பந்தயம் கட்டினான் என்பார்கள்.

அதற்காக அவன் பிடித்த ஆள்தான் பாஸ்டர். 1860-ம் ஆண்டு மார்ச் மாதம், 9 ஆயிரம் டாலர் தங்கத்துடன் கிளோடில்டா புறப்பட்டது.

இருட்டறையில்

மேற்கு ஆப்பிரிக்காவில் அப்போது தகோமி என்ற நாடு இருந்தது. அந்த நாட்டு மன்னனின் படைகள் அக்கம்பக்கத்து ஊர்களைத் தாக்கும். தப்பி ஓட முடியாதவர்களைப் பிடித்துக் கடற்கரைக்கு இழுத்து வந்து விற்கும்.

அப்படிப் பிடிபட்டவர்களில் ஒருவர் கொசோலா. வயது சுமார் 19. கல்யாணம் ஆகாத இளைஞர்.

அவரோடு சேர்த்து 110 பேரைக் கப்பலில் ஏற்றினார்கள். ஆண்கள், பெண்கள், குழந்தைகள்! எல்லோரையும் சரக்கு வைக்கும் அடித்தட்டில் அடைத்தார்கள். அதன் உயரம் 7 அடி கூட இல்லை.

13-வது நாள்தான் அவர்களை மேல்தட்டுக்கு வர விட்டார்கள். கால்கள் மரத்துப்போய், யாராலும் நடக்க முடியவில்லை. குடிக்கக் கொடுத்த தண்ணீர் கொஞ்சம், அதுவும் புளித்தது. சுற்றிலும் பார்த்தால் ஒரே கடல்! எங்கே போகிறோம் என்று யாருக்கும் தெரியாது.

இதையெல்லாம் பிற்காலத்தில் கொசோலாவே சொன்னார்.

சாட்சியை எரித்தான்

ஜூலை மாதம் கப்பல் அலபாமா கரைக்கு வந்தது. இரவோடு இரவாக எல்லோரையும் ஒரு நீராவிப் படகுக்கு மாற்றி, நாணல் காட்டுக்குள் ஒளித்து வைத்தார்கள்.

பிறகு பாஸ்டர் கிளோடில்டாவுக்குத் தீ வைத்து, ஆற்றில் மூழ்கடித்தான்.

விஷயம் வெளியே கசிந்தது. வழக்கும் போட்டார்கள். ஆனால் சாட்சியம் இல்லை என்று வழக்கு தள்ளுபடி ஆனது. மெயர் தண்டனை எதுவும் பெறாமலே 1892-ல் செத்தான்.

வந்தவர்களோ அடிமைகளாகப் பங்கு போடப்பட்டார்கள். சிலர் தொலைவான ஊர்களுக்கு விற்கப்பட்டார்கள்.

சொந்த ஊர்

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1865-ல் அடிமைகளுக்கு விடுதலை கிடைத்தது.

கொசோலாவும் மற்றவர்களும் ஊருக்குத் திரும்ப ஆசைப்பட்டார்கள். கப்பலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. "எங்களை இங்கே கொண்டுவந்தவர் நீங்கள். குடியிருக்கக் கொஞ்சம் நிலமாவது கொடுங்கள்" என்று மெயரிடம் போய்க் கேட்டார் கொசோலா. மெயர் கோபத்தோடு மறுத்துவிட்டான்.

அவர்கள் சோர்ந்துவிடவில்லை. ஆண்கள் மர அறுவை ஆலையில் கூலி வேலை செய்தார்கள். பெண்கள் காய்கறி விற்றார்கள். வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிக் காசு சேர்த்து, நிலத்தை விலைக்கு வாங்கினார்கள்.

அங்கே வீடுகள் எழுந்தன. கோயில் எழுந்தது. பள்ளிக்கூடம் எழுந்தது. ஊருக்கு "ஆப்பிரிக்கா டவுன்" என்று பெயர் வந்தது.

1920-களின் கடைசியில் ஜோரா நீல் ஹர்ஸ்டன் என்ற பெண் எழுத்தாளர் கொசோலாவைத் தேடி வந்தார். முதியவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். அதைப் புத்தகமாக வெளியிட அப்போது பதிப்பாளர் யாரும் முன்வரவில்லை. "பாரக்கூன்" என்ற அந்தப் புத்தகம் 2018-ல்தான் வெளிவந்தது!

கொசோலா 1935-ல் காலமானார். மனைவியும் 6 பிள்ளைகளும் அவருக்கு முன்பே இறந்துவிட்டார்கள். பிறந்த மண்ணை அவர் கடைசிவரை பார்க்கவில்லை.

அந்தக் கப்பலில் 2 வயதுக் குழந்தையாக வந்த மடில்டா என்ற பெண்மணி 1940 வரை உயிரோடு இருந்தார்.

சேற்றுக்குள் தேடல்

ஆப்பிரிக்கா டவுனில் பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னார்கள். வெளியே இருந்தவர்களில் பலர், "கப்பலாவது, எரிந்ததாவது! கட்டுக்கதை!" என்றார்கள்.

கப்பலைக் காட்டினால்தானே நம்புவார்கள்? கப்பல் எங்கே?

2018 ஜனவரியில் பலத்த காற்று வீசி, ஆற்று நீர் வழக்கத்துக்கு மாறாக வடிந்தது. அப்போது பென் ரெயின்ஸ் என்ற பத்திரிகை நிருபர், சேற்றில் கிடந்த ஒரு பழைய கப்பலைக் கண்டார். ஊரே பரபரப்பு அடைந்தது. நிபுணர்கள் வந்து அளந்தார்கள். கிளோடில்டாவைவிட அது மிகவும் பெரியது. அது வேறு கப்பல்!

ஊர் மக்களுக்கு ஏமாற்றம். ஆனாலும் தேடல் நிற்கவில்லை. அந்தப் பகுதியில் ஆற்றின் அடியில் பழைய கப்பல்கள் பல கிடந்தன. ஒலி அலைகளை அனுப்பி ஆற்றின் அடித்தரையைப் படம் பிடித்தார்கள். கலங்கிய நீரில் மூழ்கிய ஆட்கள், கண்ணால் பார்க்க முடியாததைக் கையால் தடவித் தடவி அறிந்தார்கள்.

ஒரு கப்பல் மட்டும் பொருந்தி வந்தது.

அடையாளம்

அதில் பெயர்ப் பலகை இல்லை. பிறகு எப்படி அடையாளம் கண்டார்கள்?

கிளோடில்டாவின் பதிவுச் சீட்டு அரசாங்க ஆவணங்களில் பத்திரமாக இருந்தது. நீளம் 86 அடி, அகலம் 23 அடி. சேற்றில் கிடந்த கப்பலின் அளவும் அதற்குப் பொருந்தியது.

சட்டங்கள் ஓக் மரம்; பலகைகள் பைன் மரம். பதிவுச் சீட்டிலும் அப்படியே எழுதியிருந்தது. இரும்பு ஆணிகளும் அந்தக் காலத்தவை. அந்தக் கரையில் கட்டிய மற்றக் கப்பல்களின் பதிவுகளையும் புரட்டிப் பார்த்தார்கள். இந்த அளவில் வேறு கப்பல் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, மரத்தில் தீயில் கருகிய அடையாளம் இருந்தது!

2019 மே மாதம், "இது கிளோடில்டாதான்" என்று அலபாமா வரலாற்றுக் கமிஷன் அறிவித்தது.

கப்பல் முழுவதும் எரிந்திருக்கவில்லை. உடலில் பெரும்பகுதி சேற்றுக்குள் அப்படியே இருந்தது. 110 பேரை அடைத்து வைத்த அந்த இருட்டறையும் இருந்தது! எந்தச் சேற்றில் குற்றத்தை மறைக்கப் பார்த்தானோ, அந்தச் சேறே அதைக் காப்பாற்றி வைத்திருந்தது.

கப்பலை வெளியே எடுத்தால் மரம் உதிர்ந்துவிடும் என்ற அச்சம் உண்டு. அதனால் அது ஆற்றின் அடியிலேயே இருக்கிறது. அதில் கிடைத்த சில பொருள்களை, 2023-ல் ஆப்பிரிக்கா டவுனில் திறக்கப்பட்ட காட்சிசாலையில் வைத்திருக்கிறார்கள்.

சாட்சியை அழிக்கத்தான் பாஸ்டர் தீ வைத்தான். ஆனால் உண்மையான சாட்சிகள் அன்று இரவே கப்பலில் இருந்து இறங்கிவிட்டார்கள். அவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளிடம் சொன்னார்கள்.

159 ஆண்டுகள் கழித்து அந்தக் கப்பலும் சொன்னது: "பாட்டி சொன்னது கதை அல்ல, உண்மை!"